பிளீச்சிங் பவுடரும் கிருமி அண்ணனும்

மழை நனைத்த டீசல் மண்ணின் வாடை எங்கே அடித்தாலும் எனக்குக் கிருமி அண்ணன் நினைவு வரும்; கூடவே ரத்தம் கொதிக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காக இத்தனை பேரோடு மல்லுக்கட்டிய மனிதர் அந்தமானின் எந்தத் தீவிலும் இருந்ததில்லை.

போர்ட் பிளேயரில் ஒரு டீசல் மின்நிலையத்தில் நான் குமாஸ்தா, அவர் ஃபிட்டர். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் எண்ணெய் சிந்திச் சிந்தி மண் கறுத்துக் கிடந்தது. அடைமழையில் அது கீழே இறங்கி, குவார்ட்டர்ஸ் கிணற்றில் வானவில்லாக மிதந்தது. மெயின்லேண்டிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர், எண்ணெயைத் தின்னும் கிருமிகள் அந்த மண்ணிலேயே இருக்கின்றன, ஊட்டி வளர்த்தால் போதும் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். காதில் வாங்கியவர் அண்ணன் ஒருவர்தான்.

அன்றிலிருந்து சாணம், யூரியா, தண்ணீர். காற்றுப் புகக் கிளறுவார். மழை வந்தால் தான் நனைந்துகொண்டு மண்ணுக்குத் தார்ப்பாய் போடுவார். தங்கை கல்யாணப் பந்தலிலிருந்து எனக்குப் போன்: "தம்பி, ஈரமா இருக்கா? கைய விட்டுப் பாத்துச் சொல்லு."

ஆறாம் மாதம் வாடை குறைந்தது. ஒரு புல் முளைத்தது. ஆபீஸையே இழுத்துவந்து காட்டினார்.

"அரே, காஸ் ஹை," என்றார் வங்காளி ஸ்டோர்கீப்பர்.

"புல்லு இல்ல தாதா. சர்ட்டிபிகேட்."

பூரித்துப்போய் நான் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன்: 'கொட்டகையின் பின்புறம் கோடிக்கணக்கான கிருமிகள் செழித்து வளர்கின்றன.'

அதே வாரம் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வருகை. பெரிய சாப் வந்தால் வழியெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவுவது நம் பக்தி. என் குறிப்பைப் படித்த எங்கள் சாப், இரண்டு மூட்டையை அந்த மண்ணில் கொட்டவைத்தார்.

அண்ணன் சாப்பின் அறைக்குள்ளேயே போய் நின்றார். "கெணத்துல எண்ண மெதந்தப்ப வராத பவுடரு, அதத் திங்கிறவன் வந்ததும் எங்கேருந்து வந்துச்சு சாப்?"

"கிருமிய வளத்துட்டு பாத் கர்ரியா? பேச்சு வேறயா?" என்றார் சாப்.

வந்த அதிகாரி வெள்ளை வெளேரென்ற தரையைப் பார்த்து "பஹுத் சாஃப்", ரொம்பச் சுத்தம் என்று மெச்சிவிட்டு மீன் சாப்பாட்டுக்குப் போனார். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறு வாரமே அண்ணனுக்குத் தெற்கே கடைக்கோடியில் இருக்கும் கேம்பல் பேக்கு மாற்றல்.

துறைமுக ஜெட்டியில் அவர் ஏறவேண்டிய கப்பல் ஊதியபோது, குறிப்பு எழுதியது நான்தான் என்று ஒருவழியாகச் சொல்லித் தொலைத்தேன்.

"தெரியும் தம்பி," என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "பவுடர் படாத மண்ணு ஒரு கூடை தேறிச்சு. ஒன் வாசல்லதான் வச்சிருக்கேன். பட்டினி போட்டுறாத."