முள்ளம்பன்றி எழுதிய கோல்ஃப் வாத்தியார் தேர்வு

ஒரு காட்டில், மேகம் இறங்கி வந்து புல்லோடு புல்லாகப் படுத்துக்கொள்ளும் மேட்டில், கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. காட்டில் எதற்குக் கோல்ஃப் என்று ஒரு கீரி கேட்டது. மறுநாளே உறுப்பினர் பட்டியலில் கீரியின் பெயரைக் காணோம். அதனால் நாமும் கேட்க வேண்டாம்.

மைதானத்து ஓரப் புதரில் செல்லக்கனி என்றொரு முள்ளம்பன்றி குடியிருந்தாள். பிள்ளைகள் மூன்றும் வளர்ந்து ஆளுக்கொரு மலையில் வளை தோண்டிக்கொண்டு போய்விட்டன. காலையில் எழுந்ததும் மரத்தடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. அப்புறம் புதருக்குள் தொலைந்த பந்துகளைத் தேடி, முள்ளுக்கு நடுவே செருகிக்கொண்டு வந்து கொடுப்பாள். அதுதான் அவள் வேலை.

எட்டு வருஷம் பந்து பொறுக்கியதில் அவளுக்கு ஒரு சங்கதி பிடிபட்டுவிட்டது. பந்து கிடக்கும் இடத்தைப் பார்த்தே, அடித்தவர் என்ன தப்புப் பண்ணினார் என்று சொல்லிவிடுவாள். ஈச்சம்புதரில் கிடந்தால் மட்டையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். ஓடைக்கரையில் கிடந்தால் அவசரம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களின் பந்து மட்டும் எங்கே போகும் என்று பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

பந்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைப் பக்குவமாகச் சொல்லியும் வைப்பாள். கொம்புக் கனத்தில் உடம்பு முன்னால் சாய்கிறது, கொஞ்சம் பின்னங்காலில் நில்லுங்கள் என்று கடமானிடம் சொன்னாள். அந்த வாரத்திலிருந்து கடமானின் பந்து புதருக்கு வருவதே நின்றுவிட்டது. மைதானச் செயலாளர் காட்டெருமை தாண்டவராயர்கூட, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் புதர்ப் பக்கம் வந்து, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, மேல்காட்டுச் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள், ஆட வருகிறவர்களுக்கு இனிமேல் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மீறினால் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது.

ஒரு பந்து தப்பாகப் போவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது செல்லக்கனியால் ஆகிற காரியமா? சோறு குழைகிறது என்று தெரிந்தும் அடுப்பை அணைக்காமல் நிற்கச் சொன்னால் எப்படி?

சரி, சான்றிதழையே வாங்கிவிடுவோம் என்று அலுவலக வரிசையில் போய் நின்றாள். பின்னால் நின்றவர்களெல்லாம் முள்ளுக்குப் பயந்து நாலு முழம் தள்ளி நின்றதால், வரிசை அவளோடு முடிந்துவிட்டதாக நினைத்து ஜன்னலை இரண்டு தடவை சாத்திவிட்டார்கள். மூன்றாம் தடவை படிவம் கிடைத்தது. பதினோரு பக்கம். வாலின் நீளம், பல்லின் எண்ணிக்கை, தாய்வழி வளையின் முகவரி எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் விட்டிருந்தது. கற்பித்த அனுபவம் என்ற கட்டம் மட்டும் ஓர் எறும்பு படுக்கிற அளவுக்கு இருந்தது.

வாத்தியாராக எவ்வளவு நன்றாக ஆட வேண்டும் என்று செல்லக்கனி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மகா சூரராக இருக்க வேண்டாம் அம்மா. சுமாராக ஆடினால் போதும்" என்றார் தாண்டவராயர். "ஆனால் அந்தச் சுமாரை ஒரே நாளில் காட்ட வேண்டும். முப்பத்தாறு குழி. மொத்தம் நூற்றைம்பத்தாறு மட்டையடிக்குள் எல்லாக் குழியிலும் பந்தைப் போட்டு முடிக்க வேண்டும்."

"சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்று எப்போது பார்ப்பீர்கள், ஐயா?"

தாண்டவராயர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதற்கு ஒரு பக்கமும் இல்லை.

நாலு மாதம் செல்லக்கனி விடியற்காலையில் எழுந்து பழகினாள். குட்டைக் கை; பந்து தூரம் போகாது. ஆனால் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி நேராகப் போகும்.

தேர்வு நாளில் அவளுக்கு ஜோடியாக வந்தவன் கருமந்தி வேலாயுதம். நீளக் கை; அவன் அடித்தால் பந்து மேகத்துக்குள் போய்விட்டு வரும். இருந்தும் இரண்டு தடவை தோற்றிருந்தான். இந்தத் தடவையும் தோற்றால் அம்மா வீட்டு மரத்துக்கே போய்விடுவேன் என்று அவன் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாளாம். வந்ததும் வராததுமாக அதைச் செல்லக்கனியிடம் சொல்லி மூக்கை உறிஞ்சினான்.

தாண்டவராயர் விதிகளை வாசித்தார். ஒன்பதாவது விதியை மட்டும் செல்லக்கனியின் பக்கம் பார்த்து இரண்டு தடவை வாசித்தார். ஆட்டம் நடக்கும்போது கூட ஆடுகிறவருக்கு எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுத்தால், சொன்னவருக்கு இரண்டு அடி கூடும்.

அன்றைக்கு முழுக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மந்தியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குழிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகத் தட்ட வேண்டிய நேரத்தில், பந்து விழுந்ததா என்று பார்க்கிற ஆசையில், தட்டுவதற்கு முன்பே தலையைத் தூக்கிவிடுவான். செல்லக்கனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் தட்டும்போதெல்லாம் திரும்பி நின்று பிள்ளையாருக்கு ஒரு சரணம் சொன்னாள். முப்பத்தைந்து குழி இப்படியே போயிற்று.

கடைசிக் குழி. இரண்டு பேருக்கும் இன்னும் ஒரே தட்டு. செல்லக்கனியின் பந்து குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டலாம், நூற்றைம்பத்தைந்தில் முடிந்துவிடும். மந்தியின் பந்து மூன்று முழம் தள்ளிக் கிடந்தது. போட்டால் நூற்றைம்பத்தாறு, தப்பினால் மனைவி அம்மா வீட்டு மரத்தில். தூரத்தில் இருப்பவர்தான் முதலில் தட்ட வேண்டும். மந்தி குனிந்தான். தலை இப்போதே மெல்ல எழும்ப ஆரம்பித்தது.

"தலையைத் தூக்காதேடா தம்பி. விழுகிற சத்தம் காதுக்கு வரட்டும்."

சொன்ன பிறகுதான் அது தன் வாய் என்று அவளுக்குத் தெரிந்தது.

மந்தி தலையைத் தூக்கவில்லை. சத்தம் வந்தது.

செல்லக்கனியும் தன் பந்தைத் தட்டிப் போட்டாள். தாண்டவராயர் ரொம்ப நேரம் கூட்டிப் பார்த்தார். எப்படிக் கூட்டினாலும் நூற்றைம்பத்தைந்தும் இரண்டும் நூற்றைம்பத்தேழுதான்.

"நான் செய்த தப்பு என்ன, ஐயா?"

"சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள், அம்மா."

"இது எதற்கான தேர்வு?"

"சொல்லிக்கொடுப்பதற்கான தேர்வு" என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

வேலாயுதம் வாத்தியாரானான். மனைவி அவனுடைய மரத்திலேயே தங்கிவிட்டாள். முதல் நாள் வகுப்புக்கு முயலும் கேளையாடும் வந்து, பந்து ஏன் வலப்பக்கமே ஓடுகிறது என்று கேட்டன. மந்தி, இப்படி அடிக்க வேண்டும் என்று ஒன்று அடித்துக் காட்டினான். பந்து மேகத்துக்குள் போயிற்று. அது தெரிகிறது, எங்கள் பந்து ஏன் ஓடுகிறது என்று முயல் விடாமல் கேட்டது. மந்தி இன்னும் ஒன்று அடித்துக் காட்டினான்.

மறுநாள் காலையில் புதர்ப் பக்கம் வந்து நின்றான். செல்லக்கனி வாயைப் பொத்திக்கொண்டு, தனக்குத்தான் சான்றிதழ் இல்லையே என்று தலையை ஆட்டினாள்.

"ஆட வருகிறவர்களுக்குத்தானே அக்கா சொல்லக் கூடாது? நான் வாத்தியார். வாத்தியாருக்குச் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கையில் இல்லை."

அவள் யோசித்துப் பார்த்தாள். இல்லைதான்.

அன்றிலிருந்து காலையில் புதரில் அவள் சொல்வதை மந்தி மதியம் மைதானத்தில் சொன்னான். வேலாயுதம் சார் மாதிரி வாத்தியார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று காடு முழுக்கப் பேச்சு. மேல்காட்டுச் சங்கம் அவனுக்கு ஒரு சால்வை போர்த்தியது.

செல்லக்கனி அடுத்த வருஷமும் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். இந்தத் தடவை என் வாயைக் கட்டிப்போடு என்று பிள்ளையாரிடம் உருக்கமாக வேண்டிக்கொண்டாள். ஜோடியாக வந்த மரநாய் மட்டையை உடும்புப் பிடியாக இறுக்கிப் பிடித்திருந்தான். தாண்டவராயர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, அவள் பெயருக்கு நேரே இரண்டு அடியை எழுதி வைத்துக்கொண்டார்.

நீதி: வாத்தியாராக விரும்புகிறவர் தேர்வு முடியும்வரை யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. முடிந்த பிறகும் அதே பழக்கத்தை விடாமல் வைத்துக்கொண்டால் சால்வை நிச்சயம்.