கம்ப்யூட்டருக்குள் ஒரு கரும்புத் தோட்டம்

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் கட்டிவிடுவது என்று விக்னேஷ்வரன் முடிவெடுத்தது, பொண்டாட்டிக்குத் தெரியாமல் விவசாயம் பார்க்கத்தான்.

சிவகாசியில் புருஷனும் பொண்டாட்டியும் வீட்டிலேயே பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆர்டர் பிடிப்பது கற்பகவல்லி, வரைவது அவன். மல்லாங்கிணற்றில் அவன் பங்குக்கு இருக்கும் நிலம் மேகத்தைப் பார்த்துக் கிடக்கிறது. ஆனால் அவன் ஆடும் விவசாய விளையாட்டில் வாய்க்கால் நிறையத் தண்ணீர். அதில் கரும்பு போட்டுவிட்டான். கரும்பு போட்டவனுக்கு லேபிளில் கை ஓடுமா?

தனிக் கம்ப்யூட்டர் போலவே ஓடும் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றி, ஹார்டு டிஸ்கில் பாதியை அந்த உள் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்தான். பாஸ்வேர்டு வைத்தான். கற்பகவல்லி பெயருக்கு எந்த அனுமதியும் கிடையாது என்று டிக் அடித்தான். அவள் வரும் சத்தம் கேட்டால் அப்படியே நிறுத்திவிட்டு லேபிளுக்குத் தாவுவான். மறுபடி திறந்தால் விட்ட வரப்பிலேயே திறக்கும். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் காலையில் திறந்தால் கரும்பைக் காணோம். வெறும் உழவு நிலம். திரும்ப நட்டான். மறுநாளும் உழவு நிலம். பெற்ற பிள்ளையைத் தொலைத்தவன் போல வரப்பு வரப்பாகத் தேடினான். திருட்டு விவசாயத்துக்கு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

"கம்ப்யூட்டர்ல கை வச்சியா, கற்பகம்?" என்று பட்டும் படாமல் கேட்டான்.

"வச்சேன். புதுப்பட்டி கம்பெனி லேபிளு சேவ் ஆகல. இடமில்லன்னுச்சு. பாத்தா ஒத்த ஃபைலு, அம்புட்டு இடத்தையும் அடைச்சிட்டு இருக்கு."

"தொறந்தியா?"

"எனக்கு அனுமதி இல்லன்னுச்சு."

அவனுக்கு மூச்சு வந்தது.

"கம்ப்யூட்டர் வாங்குன அன்னைக்கு அட்மின்னு என் பேரைத்தான போட்டீக? எனக்கு நானே அனுமதி குடுத்துக்கிட்டேன். தொறந்தா நேரா தோட்டத்துல நிக்குது. நீங்க அப்படியே நிறுத்திட்டுப் போனதால பாஸ்வேர்டு கூடக் கேக்கல."

வந்த மூச்சு போயே போனது.

"போன கரும்ப வெட்டிட்டு நீங்க மறுபடி நடுறதுக்கு முன்னாடியே ஒரு காப்பி எடுத்து வச்சிட்டேன். நீங்க லேபிளு வரையாத அன்னைக்கு அந்தக் காப்பிய மேல போட்டுருவேன், தோட்டம் பழையபடி உழவு நிலமாயிரும்."

"வெளைஞ்ச கரும்பு?"

"அது தனியா வெளி டிஸ்க்ல பத்திரமா இருக்கு. ஆர்டர முடிங்க, தாரேன்."

விக்னேஷ்வரன் தலை நிமிராமல் வரைந்தான். அந்த சீசனிலேயே அவன் அப்படி வரைந்ததில்லை. லேபிள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் சொன்ன வாக்கு மாறாமல் தோட்டத்தைத் திறந்து காட்டினாள். கரும்பை அவளே வெட்டி விற்றிருந்தாள். புது டிராக்டர் நின்றது. நிலம் பக்கத்து வயலையும் சேர்த்து இரண்டு மடங்காகியிருந்தது. அவன் ஆசையாக டிராக்டரை அமுக்கினான். அசையவில்லை. வாய்க்காலை அமுக்கினான். அதுவும் அசையவில்லை.

"என்ன இது, ஒண்ணும் ஓட மாட்டேங்குது?"

"உங்களுக்குப் பாக்க மட்டும்தான் அனுமதி," என்றாள் கற்பகவல்லி. "அடுத்த ஆர்டர முடிங்க, களை எடுக்க விடுறேன்."