யூனிஸ் ஆஜரான நாள்

ஆஸ்டின் டவுனிலுள்ள மனுப் பரிசீலனை வாரியக் கிளை அலுவலகம், இந்த மாதம் முதல் தேதியன்று, மேலதிகாரிகள் முன்னிலையில் வயர்களைத் துறந்தது. ரிப்பன் வெட்டிய அதே கத்திரிக்கோலால் நெட் கேபிள்களையும் வெட்டினார்கள். எல்லாக் கணினியிலும் லினக்ஸ் ஏற்றினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, மற்ற ஊர்களில் ஏற்றிவிட்டார்கள் என்று பதில் வந்தது. வருகைப் பதிவேடும் ஒழிக்கப்பட்டது. இனி அவரவர் கணினி வைஃபையில் சேர்ந்தால்தான் ஆள் வந்ததாக அர்த்தம்.

ஒரு கணினியும் சேரவில்லை. 'வயர்லெஸ் கார்டு எதுவும் இல்லை' என்று பணிவோடு சொல்லிவிட்டன. கார்டு உள்ளேதான் இருந்தது. அதை லினக்ஸுக்கு அறிமுகம் செய்துவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் இல்லை. அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும்.

மனுக்கள் காகிதத்தில் வந்ததால் வேலை மட்டும் நிற்கவில்லை. யூனிஸும் தினமும் ஒன்பதரைக்கே வந்து, வராதவளாக உழைத்தாள். மாதத்தில் ஒரு நாளாவது ஆஜர் பதிவாகாவிட்டால் அவளுடைய தற்காலிக வேலை தானாகவே ரத்து. மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில், மூன்று முறை வாசல்வரை போய்த் திரும்பி, நான்காம் முறை மேலாளர் மஞ்சுநாத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், வைஃபை வரல... எனக்கு ஆஜரே விழல."

தலைமையகம் அனுப்பிய பட்டியலை அவர் பார்த்தார். "நீதான் வரவே இல்லையேம்மா! வராதவங்ககிட்ட நான் எப்படிப் பேசறது? மொதல்ல வா, அப்புறம் பேசலாம்."

பக்கத்து மேசை குளோரியா சிரித்தாள். "சும்னே இரு கண்ணு, ஒண்ணும் பண்ணாத. நானும் ஒரு மாசமா வரல. பி.பி.கூட கொறஞ்சிருக்கு."

"நீங்க பர்மனென்ட்டு அக்கா."

மறுநாள் யூனிஸ் கைப்பையிலிருந்து சார்ஜர் வயரை எடுத்தாள். போனைக் கணினியோடு இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தாள். டிரைவர் இறங்கியது. கணினியை அணைத்து மறுபடி போட்டதும் திரையின் மூலையில் வைஃபை குறி முளைத்தது. 'யூனிஸ்: ஆஜர்.' அதைப் படிக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மத்தியானம் மஞ்சுநாத் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அய்யய்யோ, என்னம்மா பண்ணிட்டே! ஒரு ஆள்கூட வராம ஆயிரத்தி இருநூறு மனு முடிச்ச ஆபீஸ்னு நம்மள அவார்டுக்கு எடுத்திருந்தாங்க. ஆளில்லா நிர்வாகத்துக்கு முதல் பரிசு! இப்ப ஒருத்தி வந்திருக்கான்னு காட்டுதாம்!"

"நீங்களும் வந்திருக்கீங்களே சார்?"

"மெதுவாப் பேசும்மா. நான் வரல."

குளோரியாவுக்குத் தாங்கவில்லை. "மாசம் பூரா கட்டிக்காத்த பேரு. ஒரே நாள் வந்து கெடுத்திட்டியேடி!"

"அப்போ என் வேலை?" யூனிஸின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மஞ்சுநாத் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். விருது பெறும் அலுவலகத்தில் தற்காலிக ஊழியர்களும் நிரந்தரமாக்கப்படுவார்கள் என்று ஒரு விதி இருந்தது. அது மற்ற எல்லா விதிகளுக்கும் மேலானது. ஆஜர் தவறுதலாக விழுந்தது என்று அவள் எழுதிக் கொடுத்தால் போதும்.

யூனிஸ் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். 'இன்று நான் அலுவலகத்துக்கு வரவில்லை என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மஞ்சுநாத் அதன் அடியில், 'என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' என்று பச்சை மையில் சான்றளித்தார்.