மாப்பிள்ளை சாரின் நேர்மை விதிகள்

திரையில் ஆறுக்குப் பூஜ்யம் என்று வந்ததும் மாப்பிள்ளை சார் கன்ட்ரோலரைத் தரையில் அடித்தார். அது துள்ளி வந்து அவருடைய கால் கட்டைவிரலையே பதம் பார்த்தது.

"அநியாயம்!" என்று கத்தினார்.

"தோத்துட்டீங்களா?" உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"தோக்கல. ஏமாத்திட்டாங்க."

"எத்தன கோல் ஏமாத்துனாங்க?"

அவர் கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்தார்.

அவரைச் சாய்த்தது மெத்தைத் தொழிற்சாலையின் தையல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. தொழிற்சாலையின் முதலாளி அவருடைய மாமனார். மகளைக் கொடுத்த கையோடு தயாரிப்பு மேலாளர் நாற்காலியையும் கொடுத்திருந்தார். அதனால் வாசல் காவலாளி முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை சார்'. அந்தப் பெயரில் மரியாதை இருப்பதாக அவர் ஒருவர்தான் நம்பினார்.

ஷிஃப்ட் முடிந்து போனதும் தொழிற்சாலைக்காரர்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கால்பந்து ஆடினார்கள். மெத்தைக் கோப்பை என்று அதற்குப் பெயர். கணக்கர் செயலாளர். மாப்பிள்ளை சார் தலைவர். தலைவர் என்றால் ஜெயிக்க வேண்டும் என்கிற விவரம் அந்த விளையாட்டுக்குத் தெரியவில்லை. புள்ளி அட்டவணையில் அவர் பெயர் எப்போதும் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

மறுநாள் காலை கணக்கரைத் தன் அறைக்கு அழைத்தார்.

"நம்ம லீக்ல நேர்மை செத்துப்போச்சு."

"அப்படியா சார்? எப்ப?"

"நேத்து சாயங்காலம். அக்கா இருக்கறதுலயே பெரிய டீமா பார்த்து எடுத்து ஆடுறாங்க. அது ஒரு பொழப்பா?"

"நீங்களும் அதே டீம்தானே சார் எடுத்தீங்க?"

"நான் எடுத்தது ரசனை. அவங்க எடுத்தது பேராசை. எழுதுங்க."

கணக்கர் எழுதினார். இனி எல்லோரும் பட்டியலின் அடியில் கிடக்கும் சோப்ளாங்கி அணிகளை எடுத்துத்தான் ஆட வேண்டும். விதியை குரூப்பில் போட்டதும், "சரிங்க சார்", "அருமையான விதி சார்" என்று பதில்கள் குவிந்தன. மாப்பிள்ளை சாருக்கு உச்சி குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி சாயங்காலம் வரை தாங்கியது. பெரிய அணியில் பந்து தானாகப் போய்ச் சேரும். சோப்ளாங்கி அணியில் ஆடுகிறவருக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். அக்காவுக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை சாரின் ஆட்கள் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பந்த அவங்க கைக்குள்ளயே வெச்சுக்கிட்டு எனக்குக் குடுக்கவே மாட்டேங்கறாங்கய்யா!" என்று கணக்கரிடம் ஃபோனில் பொருமினார்.

"கால்பந்துல அப்படித்தான் சார் பண்ணுவாங்க."

"பண்பாடு வேணாமா? எழுதுங்க!"

பந்தைத் தன் பக்கத்திலேயே தட்டிக்கொண்டு எதிராளியின் பொறுமையைச் சோதிக்கக் கூடாது என்று அடுத்த விதி பிறந்தது. அக்கா கீழ்ப்படிந்தாள். பந்து கிடைத்த மறுகணமே நேராக மாப்பிள்ளை சாரின் வலைக்கு அனுப்பிவிட்டாள். முன்பு தட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இப்போது கோலாக மாறியது.

ஒவ்வொரு கோலுக்கும் திரையில் ஒரு கூட்டம் கொடியை ஆட்டிக் கூத்தடித்தது. அது அவர் மனத்தைப் புண்படுத்தியது. கோல் கொண்டாட்டத்தை உடனே நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்றார். கூத்தில் போன நேரமும் மிச்சமானதால், அக்கா இன்னும் நாலு கோல் கூடுதலாகப் போட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஆடக் கற்றுக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளை சாருக்கு அப்படிப்பட்ட குறுக்குவழிகள் பிடிக்காது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க விதி எழுதினார். மத்தியானம் டீ கொண்டு போனவர்கூட, "ஐயா சிந்தனையில இருக்கார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அந்தச் சிந்தனையில் விளைந்ததுதான் துண்டிப்பு விதி. ஆட்டத்தின் நடுவில் யாருடைய இணைப்பு அறுந்தாலும் அவர் தோற்றவராகக் கருதப்படுவார். குரூப்பில் பகிரங்க மன்னிப்பும் கேட்க வேண்டும். தோற்கும்போது கம்பி நீட்டுகிறவர்களுக்கு இது நல்ல பாடம் என்று அவரே எழுதி, அவரே கைதட்டும் பொம்மையும் போட்டுக்கொண்டார்.

விதி வந்த அன்று அவருக்கு லாரி டிரைவரோடு ஆட்டம். டிரைவர் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் கொட்டாவி விட்டபடி ஆடினார். மாப்பிள்ளை சார் ஒரு கோல் போட்டார். எப்படிப் போட்டார் என்று அவருக்கே தெரியாது. சோபாவின் மேல் ஏறி நின்றார். ஆட்டம் முடியக் கொஞ்சம்தான் பாக்கி.

திரை கறுத்தது.

"என்னாச்சு? என்னாச்சு?"

மனைவி கையில் இஸ்திரிப்பெட்டியோடு வந்து நின்றாள். "மோடம் ஒயர புடுங்குனேன். சட்டைக்கு இஸ்திரி போட வேணாமா?"

"வேற பிளக்கே இல்லையா இந்த வீட்டுல?"

"இருக்கு. இதுதான் கிட்ட இருக்கு."

மன்னிப்புக் கடிதத்தை அவர் குரூப்பில் போட்டபோது எல்லோரும் கண்ணீர் விடும் பொம்மை அனுப்பினார்கள். மறுநாள் ஒரு திருத்தம் வந்தது. குடும்பத்தினரால் நேரும் துண்டிப்பு இயற்கைச் சீற்றமாகக் கருதப்படும். அந்த ஆட்டம் செல்லாது.

அந்த வாரம் இயற்கை சீறிக்கொண்டே இருந்தது. கணக்கர் தோற்கிற நேரத்தில் அவர் அம்மா மோடத்தின் மேல் தண்ணீர் ஊற்றினார். காவலாளியின் மாமியார் மெயின் சுவிட்சையே அணைத்தார். ஒரு ஆட்டமும் முடியவில்லை. மாப்பிள்ளை சாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விசாரணை என்று அறிவித்தார்.

பஞ்சுக் கிடங்கில் ஒரு மேசை போடப்பட்டது. லாரி டிரைவரின் மனைவியை வரவழைத்து நிறுத்தினார்கள்.

"ஆட்டத்துக்கு நடுவுல மோடத்தப் புடுங்குனது நீங்கதானே?"

"ஆமா. சாப்பிடக் கூப்பிட்டேன், வரல. புடுங்குனேன்."

"அந்த நேரத்துல உங்க வீட்டுக்காரர் தோத்துக்கிட்டிருந்தாரா?"

"எனக்கென்ன தெரியும்? அந்த மூஞ்சி ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். கணக்கர் அதையும் பதிவு செய்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "உங்க சம்சாரத்தையும் விசாரிப்பீங்களா சார்?"

புதிதாகச் சேர்ந்திருந்த ஸ்டோர் கீப்பர். டயர் கம்பெனியில் தலை நரைத்துவிட்டு இங்கே வந்தவர். மனத்தில் பட்டதைக் கேட்டுவிடும் வியாதி அவருக்கு இருந்தது. சுற்றி நின்றவர்கள் ஒரே நேரத்தில் இருமினார்கள். தையல் அக்கா அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

மாப்பிள்ளை சார் காதில் விழாத மாதிரி மேசையைத் தட்டினார். "இனிமே கேமரா! ஆடுறவங்க முகமும் கையும் எல்லாருக்கும் தெரியணும். யாரு ஆடுறா, யாரு புடுங்குறான்னு பார்த்துடலாம். அவரவர் ஆட்டத்த அவரவர்தான் ஆடணும். அடுத்தவங்க கையால ஆடுறது திருட்டுக்குச் சமம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. கேமரா வந்தால் அவர் ஆடும் லட்சணத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று குனிந்து தேடுவதும், பதற்றத்தில் நாக்கைத் துருத்துவதும் ஊரறிந்த கதையாகிவிடும்.

"ஏம்மா," என்று மனைவியிடம் குழைந்தார். "நீ நல்லா ஆடுவியாமே."

"யாரு சொன்னா?"

"உங்க தம்பி சொன்னான். சின்ன வயசுல அவன அழவெச்சியாமே."

"அடுத்தவங்க கையால ஆடுறது திருட்டுன்னு இன்னிக்குதானே விதி போட்டீங்க?"

"நீ என்ன அடுத்தவளா?"

பெரிய ஏற்பாடு நடந்தது. மாப்பிள்ளை சார் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மனைவி அவருடைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பின்னால் அமர்ந்து, அவர் அக்குள் வழியாகத் தன் கைகளை முன்னால் நீட்டி, அவர் தலைக்குப் பின்னால் மறைந்தபடி ஒரு கண்ணால் திரையைப் பார்த்தாள். கேமராவில் அவர் முகமும் கன்ட்ரோலரைப் பிடித்த இரண்டு கைகளும் தெரிந்தன. கொஞ்சம் குட்டையான கைகள். அவ்வளவுதான்.

எதிரில் தையல் அக்கா. மற்றவர்கள் பார்வையாளர்களாக இணைந்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் பந்து மாப்பிள்ளை சாரின் ஆட்களிடம் ஒட்டிக்கொண்டது. ஒரு கோல். சற்று நேரத்தில் இன்னொன்று. அக்காவின் புருவம் உயர்ந்தது.

"சூப்பர் சார்!" என்றார் கணக்கர்.

"பயிற்சிதான்," என்றார் மாப்பிள்ளை சார் அடக்கத்தோடு. "மனசு சுத்தமா இருந்தா கை தானா ஓடும்."

அந்த நேரம் பார்த்து முதுகுப் பக்கம் மூக்கு அரித்திருக்க வேண்டும். ஒரு கை கன்ட்ரோலரை விட்டு மேலே எழும்பி, அவர் காதோரமாக வளைந்து பின்னால் போனது. சட்டைக் கை சரிந்தது. கலகலவென்று அரை டஜன் கண்ணாடி வளையல்கள் ஒலித்தன.



"கேமரா கொஞ்சம் மங்கலா இருக்கு," என்றார் கணக்கர் அவசரமாக.

"எனக்கும் ஒண்ணும் தெரியல," என்றாள் அக்கா.

"எனக்கு நல்லாத் தெரியுது," என்றார் ஸ்டோர் கீப்பர். "சார், நீங்க வளையல் போட்டிருக்கீங்க. கை பின்பக்கமா வேற மடங்குது. டாக்டர்கிட்டக் காட்டுங்க."

மாப்பிள்ளை சார் திடுக்கிட்டு எழுந்தார். அக்குளில் மாட்டியிருந்த கைகளோடு மனைவியும் சேர்ந்து எழுந்தாள். ஸ்டூல் கவிழ்ந்தது. நான்கு கைகளும் நான்கு கால்களுமாக ஒரு பெரிய உருண்டை கேமராவைத் தாண்டி உருண்டு போனதை மொத்தத் தொழிற்சாலையும் பார்த்தது.

மறுநாள் காலை அவர் பஞ்சுக் கிடங்கில் எல்லோரையும் கூட்டினார். முகம் வீங்கியிருந்தது. நெற்றியில் பிளாஸ்திரி.

"சந்தேகம் புகுந்த இடத்துல விளையாட்டு இருக்க முடியாது," என்றார். "என் வீட்டு வளையல பத்திப் பேசுற அளவுக்கு இந்த லீக் தரம் கெட்டுப்போச்சு. அதனால இத்தோட மெத்தைக் கோப்பையக் கலைக்கிறேன்."



"அப்படிச் சொல்லாதீங்க சார்!" தையல் அக்காவின் குரல் நிஜமாகவே உடைந்தது.

"சார், என் பிள்ளைங்க மேல ஆணையாச் சொல்றேன், கேமராவுல ஒண்ணுமே தெரியல," என்றார் காவலாளி.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணக்கர் மேசையைச் சுற்றி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். "சார், இந்த வருஷம் நேர்மை நாயகன் விருது ஒண்ணு குடுக்கலாம்னு இருக்கோம். ஏகமனதா உங்களுக்குத்தான். நீங்களே கலைச்சிட்டா நாங்க யாருக்குக் குடுக்கறது?"

மாப்பிள்ளை சார் அவர்களைப் பார்த்தார். எத்தனை கலங்கிய கண்கள்! விளையாட்டின் மீது இந்த எளிய மனிதர்களுக்கு இவ்வளவு பற்றா?

"சரி. ஆனா விதிகள முதல்லேர்ந்து திருப்பி எழுதணும்."

"எழுதுங்க சார்! நல்லா நிதானமா எழுதுங்க!"

"கொஞ்ச நாள் ஆகும்."

"எத்தன மாசம் வேணும்னாலும் எடுத்துக்குங்க சார்!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. தையல் இயந்திரங்கள் படபடவென்று ஓடத் தொடங்கின. ஏற்றுமதிக்குக் கட்டிய மெத்தைகளை ஆட்கள் லாரியில் அடுக்க ஆரம்பித்தார்கள்.

ஸ்டோர் கீப்பருக்கு மட்டும் மண்டை குடைந்தது. லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த டிரைவரிடம் போனார்.

"ஏங்க, உங்க யாருக்குமே இந்த ஆட்டம் புடிக்கலன்னு பார்த்தாலே தெரியுது. ஒரே ஒரு தடவ அந்த மனுஷன ஜெயிக்க விட்டுட்டா, அவரும் ரூல் போடறத விட்டுட்டுச் சும்மா இருப்பாருல்ல?"

டிரைவர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"சும்மா இருந்தா மெத்தை செய்ய உள்ள வந்துடுவாரே சார், அது நடக்கக் கூடாதுன்னுதானே முதலாளி எங்களுக்கெல்லாம் ஓவர்டைம் குடுத்து இத ஆட வைக்கறாரு!"