கடைசிச் சாட்சியின் பல்செட்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால் இங்கே அப்பா ஒருவர்தான் சௌக்கியம். நான் ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்காமல், யாராவது கதவைத் தட்டினால் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு, அறுபத்தெட்டு வயதில் திருட்டுப் பூனையாக வாழ்கிறேன். இதைத் தனியாக உட்கார்ந்து படி. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் எதையாவது வாங்கிவரச் சொல்லிக் கடைக்கு அனுப்பிவிடு.

ரொட்டிக்கடைப் பெரியம்மா போன மாதம் நூறு வயதில் காலமானதை ஃபோனில் சொன்னேன் அல்லவா? தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஆற்று ரயில் பாலம் வெள்ளத்தில் போனதைக் கண்ணால் பார்த்தவர்களில் மிஞ்சியிருந்தது அவரும் நம் அப்பாவும்தான். இப்போது அப்பா மட்டும். அவ்வளவுதான், அப்பா பொதுச்சொத்தாகிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் வந்து அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆவணக் காப்பகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து, "ஐயா, உங்க கண்ணைப் பாக்குறது அந்தக் காலத்தையே ஜன்னல் வழியா பாக்குற மாதிரி இருக்கு" என்று உருகினார். பாலம் போன தொண்ணூறாம் ஆண்டு நினைவு நாளில் அப்பா மேடையேறி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். வாழ்நாளில் அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன், "பேசுறேன்" என்றார். நானும் பூரித்துப்போனேன். முட்டாள்!

அன்று மத்தியானம் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, "என்னப்பா பேசப்போறீங்க?" என்று கேட்டேன். சும்மா இருந்த சங்கை நானே ஊதினேன்.

"உள்ளதைச் சொல்லப்போறேன். உங்க தாத்தா கொடி பிடிக்கலை. குடிச்சிட்டுத் தூங்கிட்டு இருந்தாரு."

நகவெட்டி என் விரலைக் கடித்தது. தாத்தா பாலக்காவலர், கொட்டும் மழையில் சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தில் ஓடி ரயிலை நிறுத்தினார், முந்நூறு உயிரைக் காப்பாற்றினார் என்றுதானே நாம் வளர்ந்தோம்? பள்ளிக்கூடத்துக்கே அவர் பெயர். வாசலில் சிலை. அந்தப் பெயரால்தான் எனக்கு அங்கே முப்பத்தைந்து வருடம் எழுத்தர் வேலை, இப்போது என் மகளுக்கு டீச்சர் வேலை. அவர் பிடித்த கொடியில் நாம் குடும்பத்தோடு கொடியாகப் படர்ந்துவிட்டோம்.

"அப்ப ரயிலை நிறுத்தினது யாருப்பா?"

"ரொட்டிக்காரப் பொண்ணு. அவளுக்குப் பத்து வயசு, எனக்கு எட்டு. ரொட்டிக் கூடையோட வந்தவ பாலம் நடுவுல அறுந்து கிடக்கிறதைப் பார்த்துட்டா. எங்க குடிசைக்கு ஓடிவந்து எங்கப்பாவைப் பிடிச்சு உலுக்கினா, எழுந்திருக்கலை. சுவத்துல இருந்த கொடியை எடுத்துக்கிட்டு ஓடினா. நான் பின்னாலேயே ஓடினேன். ரயில் நின்னதும் திரும்பி வந்து, எங்கப்பா மூஞ்சியில தண்ணி ஊத்தி எழுப்பி, அவர் கையில கொடியைக் கொடுத்துட்டா."

"ஏன்?"

"வேலை போயிட்டா நாங்க அஞ்சு பிள்ளைங்களும் பட்டினி கிடப்போம்னு அவளுக்குத் தெரியும். 'நான் சாகுற வரைக்கும் வாயைத் திறக்காதே'ன்னு சத்தியம் வாங்கிட்டா. இப்பத்தான் செத்துட்டாளே."

தினமும் காலையில் அப்பா ரொட்டிக்கடைக்குப் போய் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவாரே, அம்மாகூட ஒரு காலத்தில் சந்தேகப்பட்டாளே, அதற்கு இதுதான் அர்த்தம்.

ஊரே காறித் துப்பும், சிலையை இடிப்பார்கள், மகள் வேலை போகும் என்று என்னென்னவோ ஓடியது. டாக்டரிடம் போய், "அப்பாவுக்கு மேடையெல்லாம் ஆகாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க" என்று கெஞ்சினேன். அவர் அப்பாவைச் சோதித்துவிட்டு, "இந்த இதயம் இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். பிறகு என் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் முகம் மாறி, என்னைப் படுக்கவைத்து ஊசி போட்டார். அப்பாதான் என்னைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துவந்தார். வேறு வழி தெரியாமல், நினைவு நாள் காலையில் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அப்பாவின் பல்செட்டை எடுத்து என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "தேடிப் பார்க்க நேரமில்லைப்பா, கார் வந்துடுச்சு" என்று சொல்லி ஏற்றிவிட்டேன்.

பல் இல்லாமல் பேசமாட்டார் என்று நினைத்தேன். பேசினார்! ஒலிபெருக்கியில் காற்றும் எச்சிலும்தான் வந்தன. ஒருவருக்கும் விளங்கவில்லை. தலைமையாசிரியர் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று, தன் காதில் விழுந்ததை ஊருக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். அப்பா "குடிச்சிருந்தாரு" என்றார். "துடிச்சிருந்தாராம்!" என்றார் தலைமையாசிரியர். "தூங்கிட்டு இருந்தாரு" என்றார் அப்பா. "மக்களைக் காப்பாத்த ஏங்கிட்டு இருந்தாராம்!" அப்பா தலையை ஆட்டி ஆட்டி மறுத்து, "ரொட்டிக்காரப் பொண்ணு கொடி" என்று கத்தினார். "வெற்றிக் கொடியாம்!" கைதட்டலில் பந்தல் ஆடியது. அப்பா அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். மூன்றாவது வரிசையில் ரொட்டிக்கடைப் பெரியம்மாவின் மகள், தன் அம்மா கதை என்று தெரியாமலே, உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பிழைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாள் கைதட்டுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பல்லைத் தேடியெடுத்தது போல நடித்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"எடுத்தது நீதானே?"

"ஆமாம்பா. பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான். எட்டு வயசுலேருந்து. அவ இருந்த வரைக்கும் ரெண்டு பேரா சுமந்தோம். இனிமே நான் வாயைத் திறக்கப்போறதில்லை. நான் போனப்புறம் இது தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். எப்படி இருக்குன்னு பாரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சிலையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். ஆனாலும் தீர யோசித்துப் பார்த்துவிட்டேன், நாம் வாயைத் திறக்கக்கூடாது. மகளுக்காகவாவது இது நம் இருவரோடு போகட்டும். படித்து முடித்த உடனே இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடு. சாம்பலையும் கரைத்துவிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடியும் ரகசியமும் இல்லாமல் நூறாண்டு வாழ அண்ணனின் ஆசிகள்.

இப்படிக்கு,
அண்ணன்

பின்குறிப்பு: கொளுத்த வேண்டாம். தபாலில் போடக் கிளம்பினேன். வழியில் ரொட்டிக்கடை. கால் தானாக உள்ளே போய்விட்டது. அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கடிதத்தை முதல் வரியிலிருந்து பெரியம்மாவின் மகளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன், பல்செட் உட்பட. என்னை வெளியே தள்ளுவாள் என்று கதவுப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். மாவுக் கையைத் துடைக்காமலே கேட்டு முடித்தவள், "எங்கம்மாவா? தண்டவாளத்துலயா ஓடுனாங்க? என்னை ரோட்டைத் தாண்டவே விடமாட்டாங்களே!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நாளைக் காலையில் அப்பா, அவள், நான், மூவரும் உள்ளதைச் சொல்ல ஆவணக் காப்பகத்துக்குப் போகிறோம். மூலக் கடிதத்தை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். உன் கையில் இருப்பது நகல். பயம் அப்படியேதான் இருக்கிறது, தங்கச்சி. சாப்பாடு மட்டும் இறங்குகிறது.