புழு அக்காவும் சன்ஷேடு பூனையும்

கட்டடத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் ஓசூரில் எங்கள் தெருவில் இருக்கிறார். பெயர் புழு அக்கா. பட்டுப்புழுக் குஞ்சுகளை இரண்டு முறை தோலுரிக்கும்வரை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பது தொழில். எந்தச் சுவரைக் கண்டாலும் கன்னத்தை வைத்துப் பார்ப்பது பழக்கம். ஒரு கல்யாண ஆல்பத்தில், தாலி கட்டும் நேரத்தில் மண்டபத் தூணுக்குக் கன்னம் கொடுத்து நிற்கிறார்.

போன மார்கழியில் (கார்த்திகை என்று அவர் அண்ணன் சொல்வது தவறு) புது வளர்ப்பு அறையில் தகராறு. ஹீட்டர் ஓயாமல் எரிந்தும் ஜன்னலோரத் தட்டுகளில் புழுக்கள் வளரவில்லை. விவசாயிகள் முறைத்தார்கள்.

"அடுத்த தடவையும் சின்னதும் பெருசுமா குடுத்தா, வேற எடம் பாத்துக்கறோம்மா."

"இன்னொரு ஹீட்டர் போடு" என்றார், அறையைக் கட்டிக்கொடுத்த அண்ணன்.

அக்கா ஜன்னலுக்கு மேலிருந்த கான்கிரீட்டில் கன்னத்தை வைத்தார். பக்கத்துச் செங்கல் சுவரைவிட ஜில்லென்றிருந்தது. வெளியே ஓடினார். அதே கான்கிரீட்தான் சுவரைத் தாண்டி சன்ஷேடாக நீண்டிருந்தது. அதன்மேல், கொட்டும் பனியில், ஒரு சாம்பல் பூனை மல்லாந்து தூங்கியது.

"அண்ணா, ஹீட்டர் புழுவுக்கா, பூனைக்கா?"

"சுவத்துல ஓட்டையா கீது, சூடு போவ?"

"ஓட்ட எதுக்கு? உள்ளயும் வெளியயும் ஒரே துண்டு. கொழம்புல கரண்டிய வுட்டா பிடி சுடலியா? வெட்டிப்புடறேன்!"

"அதுல அப்பா பேர் பதிச்சிருக்கேன். கை வெச்சே, உன் வாசப்படி ஏற மாட்டேன்!"

அக்கா வெட்டவில்லை. சன்ஷேடின் மேலும் கீழும் முன்னும் தெர்மாகோல் வைத்து, தார்ப்பாய் சுற்றி, அதன்மேல் அப்பா பெயரை முன்பைவிடப் பெரிதாக பெயிண்டில் எழுதினார்.

தெருவே சிரித்தது. "வீட்டுக்கு ஸ்வெட்டராக்கா?"

"ஆமா. மப்ளர் நாளைக்கு!"

மறுநாள் விடியலில் பூனை ஏறியது. இரண்டு சுற்றுச் சுற்றியது. அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

"போவுது பாரு! சூடு நின்னுபோச்சு!"

அந்தத் தடவை எல்லாத் தட்டுப் புழுக்களும் ஒன்றாகத் தூங்கி ஒன்றாகத் தோலுரித்தன. விவசாயிகள் முறைக்காமல் வாங்கிப் போனார்கள்.

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கவனித்தேன். சன்ஷேடின் ஓர் ஓரத்தில் மட்டும் தெர்மாகோல் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

"சூடு போகுமே அக்கா?"

"போவட்டும். அதுக்கு உள்பக்கம் தட்டு வெக்கல. உனக்கு என்னாத்துக்கு?"

புழு அக்கா விட்டுக்கொடுத்து நான் பார்த்த இடம் அது ஒன்றுதான்: ஒரு பூனை சுருண்டு படுக்கும் அளவு.