என் போனுக்குப் பூட்டுப் போட்ட டீச்சருக்கு ஒரு கண்டக்டர் எழுதுவது

மதிப்புக்குரிய டீச்சர் அம்மாவுக்கு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். என் போனும் பூட்டிய நிலையில் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்களிடமுள்ள அத்தனை கருவிகளும் அவ்வண்ணமே இருக்க விரும்புகிறோம்.

நிற்க. இதை நேரிலேயே வந்து சொல்லலாம்தான். தாங்கள் போனைப் பத்திரமாகப் பயன்படுத்த வகுப்பெடுக்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே வெட்கத்தில் எனக்குச் சரியாகப் பேச வரவில்லை, அதனால்தான் கடிதம். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என் நன்றியின் எடை தெரியும். வீட்டில் அடி வாங்கும் பெண்கள், துரத்திவிடப்பட்ட திருநங்கைகள், தங்கள் மனசு யாரிடம் போயிருக்கிறது என்பதை வெளியே சொல்ல முடியாத பிள்ளைகள், யார் கூப்பிட்டாலும் எடுத்துப் பேச என் மகள் ஓர் உதவி எண் ஆரம்பித்தபோது எனக்கு அது பாதிதான் புரிந்தது. அவள் ஏன் ஒரு நர்ஸ் பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறாள் என்பது புரிய மேற்கொண்டு நாலு வருஷம் பிடித்தது. புரிந்த பிறகோ எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முப்பத்தோரு வருஷம் ஸ்டாப்பிங் பேரைக் கடைசி சீட்டு வரை கேட்கிற மாதிரி கத்திய தொண்டை அம்மா இது, சந்தோஷத்தை மட்டும் மென்று முழுங்குமா? இரண்டு பேரும் புது வீட்டுக்குக் குடிபோன அன்று கேட் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். ‘என் மகளும் மருமகளும், புது வீட்டு வாசலில். தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்து, பச்சை கேட். அனைவரும் வந்து வாழ்த்தவும்’ என்று எழுதி உலகமே பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டேன்.

வந்தார்கள் அம்மா. வாழ்த்தத்தான் வரவில்லை. என் மகளின் வேலையைப் பிடிக்காதவர்கள் எத்தனையோ நாளாக அவள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? எவனோ அந்தப் பச்சை கேட்டைப் படம் எடுத்து, ‘வீடு தெரிஞ்சுபோச்சு’ என்று அவளுக்கே அனுப்பினான். மறுநாள் கேட்டில் தாரால் என்னென்னவோ எழுதியிருந்தது. அதை இந்தக் கடிதத்தில் எழுத என் பேனா கூசுகிறது. அன்று காலை மகள் போன் செய்தாள்.

“அப்பா, அந்தப் படத்தை எடுத்துடுங்க.”

“ஏம்மா, நல்லாத்தானே விழுந்திருக்கு?”

“நல்லா இருக்குப்பா. மருமகள்னு போட்டிருக்கீங்கள்ல, அதைப் பார்த்து இவ அழுதுட்டா. ஆனா எடுத்துடுங்க.”

பன்னிரண்டு நாள் நர்ஸ் விடுதியில் ஒரே கட்டிலில் சுருண்டு கிடந்தார்கள். ஒரு நாள்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். பதிலுக்குத் தங்களை அனுப்பிவைத்தார்கள்.

நீங்கள் சாப்பாட்டு மேஜையில் என் போனை வாங்கி வைத்துக்கொண்டு, “சார், இந்த டார்ச் லைட் ஆப்புக்கு உங்க மச்சான் நம்பர் எதுக்கு?” என்று கேட்டீர்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. டார்ச் லைட் என் மச்சானை மட்டுமா, நான் எந்தெந்த டீக்கடையில் நிற்கிறேன் என்பதையும் கேட்டு வாங்கி வைத்திருந்தது. என் போனின் ரகசிய எண் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. என் மனைவியுடையதும் அதேதான், மறக்காமலிருக்க. நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள் என்று பார்த்தேன். “நீங்க பாசத்துல பண்ணீங்க சார். அந்தப் பாசத்தை யாரெல்லாம் பார்க்கலாம்னு மட்டும் இனிமே நீங்க முடிவு பண்ணுங்க” என்றீர்கள். அப்போதுதான் எழுந்து போய் முகம் கழுவினேன். கண்ணில் தூசி என்று சொன்னது பொய்.

சரியாக மூன்று வாரம் கழித்து, முற்பகல், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன், போன் வருகிறது. தேன் ஒழுகுகிற பெண் குரல். “அப்பா, உங்க பொண்ணோட சேர்ந்து வேலை பார்க்கிறேன். அவ போன் தொலைஞ்சுபோச்சு, பாவம் அழுதுட்டிருக்கா. உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும், அதைக் கொஞ்சம் சொல்லிடுங்களேன்.” சொல்லி வாய் மூடவில்லை, டிங்கென்று ஆறு நம்பர் வந்து நிற்கிறது. உதவி எண்ணின் பழைய கணக்கு ஒன்றில் என்றைக்கோ என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாளாம், மாற்ற விட்டுப்போயிற்று; அந்த ஆறு நம்பரைச் சொன்னால் யாரும் அந்தக் கணக்கைத் திறந்துவிடலாம். மகள் அழுகிறாள் என்றதும் முதல் இரண்டு நம்பர் நாக்குக்கே வந்துவிட்டது. அப்போது, மகள் பேரைச் சொல்லி யார் எது கேட்டாலும் சோதித்துப் பார்க்க வகுப்பில் நீங்கள் எழுதவைத்த கேள்வி ஞாபகம் வந்தது. (இப்போது அதை மாற்றிவிட்டோம், பயப்பட வேண்டாம்.)

“சொல்றேம்மா. எங்க வீட்டுப் பூனை பேரு என்னன்னு அவகிட்ட கேட்டுச் சொல்லு.”

“மணின்னு சொல்றாப்பா.”

“எங்களுக்கு ஏதும்மா பூனை? உன் ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்கு!”

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

உடனே மகளுக்குச் சொன்னேன். அவள் அரை மணியில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத் திரும்பப் பேசினாள். “அந்தக் கணக்குல இருநூறு பேருக்கு மேல இருக்காங்கப்பா. பேரு, போன் நம்பர், அவங்க சொன்ன கதை. பாதிப் பேரு வீட்ல இன்னும் தெரியாது.” இருநூறு பேர் என்றால் நாலு பஸ் நிறைய ஆட்கள். நாலு பஸ்ஸும் பள்ளத்தின் விளிம்பில் நின்று திரும்பியிருக்கிறது. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். அவர்களில் ஒருவர் பேர்கூட எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அவர்கள் சார்பில் உங்களுக்கு நன்றி சொல்ல வேறு ஆள் இல்லை, அதனால் நான் சொல்கிறேன். குடும்பக் குரூப்பில் இனி காலை வணக்கம் மட்டும்தான் போடுகிறேன். இந்த விஷயத்தைத் தங்களைத் தவிர ஓர் ஆளிடமும் மூச்சு விடமாட்டேன், இது உறுதி.

நீங்கள் போகிற வீடுகளிலெல்லாம் உங்களை உட்காரவைத்து மரியாதையாகக் கேட்கட்டும். உங்கள் கண்ணும் கையும் என்றும் சோராதிருக்கட்டும். என் மனைவியும் மகளும் மருமகளும் தங்களுக்கு அன்பைச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்களிடம் கடைசியாகப் பாடம் படித்த கண்டக்டர்

பி.கு.: மேலே ‘மூச்சு விடமாட்டேன்’ என்று எழுதிய வரியை அடித்துவிடவும். கடிதத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளலாமே என்று ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெஷினில் வைக்காமல் முழுசையும் நின்றபடியே படித்துவிட்டார். நான் சண்டைக்கு வாயெடுத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “சார், அந்த நம்பருக்கு ஆம்பளப் பசங்களும் பேசலாமா?” என்றார். யாருக்கு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. ஒரு துண்டுத்தாளில் நம்பரை எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், அடுத்த ஆளுக்கு நகல் எடுக்கும்போதும் அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.